விட்டத்தில் உட்காரும் வாத்து

கரண்ட் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் நின்றிருந்ததை நான் முதலில் வாத்து என்று எடுத்துக்கொள்ளவில்லை. வாத்து நிற்கிற இடங்கள் எனக்குத் தெரியும். தண்ணீர், வரப்பு, அறுவடை முடிந்த வயல், சேறு. கம்பத்தில் நிற்பது காக்கை, புறா, எப்போதாவது பருந்து. இது செம்பழுப்பு நிறத்தில் இருந்தது. கழுத்தும் நீளம், காலும் நீளம். நாரை போல நிமிர்ந்திருந்தது. இன்னொன்று பறந்து வந்து அதன் பக்கத்தில் இறங்கி, தடுமாறாமல் காலால் சட்டத்தைப் பற்றிக்கொண்டு திரும்பியபோதுதான் அலகைப் பார்த்தேன். தட்டை அலகு. வாத்து அலகு.

இரண்டும் சத்தம் கொடுத்தன. கத்தல் இல்லை, மெல்லிய சீழ்க்கை. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. சில நாட்களாக இரவு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயில் காற்று ஏறுகிறது என்று நினைத்து வால்வைத் திறந்து திறந்து மூடினேன்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஏரியின் மேல் பனி. கண் எரிந்தது. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

யோங்சான் ஆற்றுக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டி, என் அக்கா மி-சுக், அவள் கணவர் தோங்-சிக் இருவரும் வாத்து வளர்க்கிறார்கள். மூன்று நீளக் கொட்டகைகள், நடுவில் உமிக் கொட்டகை. இரவுக் காவல் என்னுடையது. வாத்துகளுக்கு இருட்டில் ஒரு பயம் வந்தால் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை நசுங்கிச் சாகும். அதற்காக ரேடியோவை விடிய விடிய ஓடவிட்டு, ஒருவன் விழித்திருக்க வேண்டும். ஊரில் கேட்பவர்களிடம் அக்கா இதைத்தான் சொல்வாள். நான் குவாங்ஜுவில் கல்லூரியை விட்டுவிட்டு, பார்சல் கிடங்கில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டபோது சொன்னது வேறு. "முழிச்சிருக்கறதுதானே உன் வேலை. இங்க வந்து முழிச்சிரு. அவர தனியா விட முடியல."

பறவைக் காய்ச்சலில் அரசாங்க ஆட்கள் அவர்களுடைய வாத்துகளை இரண்டு தடவை கொன்றார்கள். இரண்டாவது தடவை நோய் வந்தது மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கூ என்பவரின் பண்ணையிலிருந்து. கூ தன் வாத்துகள் சாவதைப் பார்த்தும் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டார். வெள்ளை உடுப்பு ஆட்கள் வந்து, எங்கள் கொட்டகைகளை பிளாஸ்டிக்கால் மூடி, வாயுவைத் திறந்துவிட்டார்கள். அத்தான் வெளியே நின்று, உள்ளே சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஒரு காலையில் அவர் ஏரிக்குள் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்ததை அக்கா பார்த்தாள். இழுத்து வந்தபோது, பூட்ஸ் ஒன்று விழுந்துவிட்டது, தேடினேன் என்றார். இரண்டு பூட்ஸும் காலில் இருந்தன.

நான் வந்தது அதற்குப் பிறகு.

அன்று காலை மேஜையில் சோயா விழுதுக் குழம்பு, சோறு, கிம்ச்சி. அத்தான் நல்ல மனநிலையில் இருந்தார். மறுநாள் வாத்துகளை ஏற்ற லாரி வரவிருந்தது. ஏற்றுவதற்கு முன் எடுக்கும் சோதனையிலும் எதுவும் இல்லை என்று வந்துவிட்டது.

"அத்தான், டிரான்ஸ்பார்மர் கம்பத்துல வாத்து உக்காந்திருந்துச்சு" என்றேன்.

"வாத்து கம்பத்துல உக்காராது மாப்ள. அதுக்குப் பாதம் தட்டை. பிடிமானம் கிடையாது."

"பிடிச்சுகிட்டுத்தான் நின்னுச்சு."

"அப்ப லைன்மேனா இருக்கும்" என்றாள் அக்கா. "தொப்பி போட்டிருந்தாரா பாத்தியா?"

அத்தான் சிரித்தார். அவர் சிரித்தால் அக்கா கண்ணை உயர்த்தி என்னைப் பார்ப்பாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

செல்போனை நீட்டினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"நம்ம பக்கத்து வாத்து இல்ல இது. எங்க இருந்து வந்துச்சு?"

"தெரியல."

"ஏரியில இறங்குச்சா?"

"இல்ல. தண்ணிப் பக்கமே போகல."

"தண்ணிக்குப் போகலன்னா சரி." செல்போனைத் திருப்பித் தந்துவிட்டுச் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டார். "தண்ணிக்குப் போற வாத்துதான் நமக்கு எமன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மாவட்டத்தில் வாத்து வளர்க்கும் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். காட்டு வாத்து தண்ணீரிலிருந்து வரும், தரையில் நடந்து வரும், நம் பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் ஏரிப்பக்கம் முழுக்க வலை. அதனால்தான் வாசலுக்கு வாசல் சுண்ணாம்புத்தூள் கோடு, கொட்டகைக்குத் தனித்தனி பூட்ஸ். உமிக் கொட்டகையின் முன்பக்கம்கூட, சிட்டுக்குருவிக்காக, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு வலை கட்டியிருந்தது. அதற்கு மேலே, கூரை முகட்டுக்குக் கீழே, உமித்தூசி வெளியேற ஒரு பெரிய இடைவெளி. அதை மூட வேண்டும் என்று சோதனைக்கு வந்த அதிகாரிகளும் சொன்னதில்லை.

படத்தை நான் ஹா யூன்-ஜொங்குக்கு அனுப்பினேன். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் வாத்துகளை மாவட்டத்துக்காக எண்ணுகிற அம்மாள். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் பண்ணைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். தூங்கப் படுத்தவன் தூங்கவில்லை. அக்கா வந்து எழுப்புவது போலத் தோளைத் தட்டினாள்.

"அந்த வாத்து எண்றவங்க வந்திருக்காங்க. மூச்சு வாங்குது அவங்களுக்கு. நீ என்ன அனுப்பின?"

அந்த அம்மாள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே தன் சின்னக் காரின் கதவைத் திறந்துவைத்தபடி நின்றிருந்தார். கழுத்தில் பைனாகுலர். ஒழுங்கானவர், கோட்டைத் தாண்ட மாட்டார். அதனால் சத்தமாகப் பேசினார்.

"தம்பி, எத்தன பாத்தீங்க?"

"ரெண்டு."

"நான் இப்ப வர்ற வழியில பட்டுப்போன மரத்துல பதினொண்ணு பாத்தேன்."  அவருக்கு ஒரே சந்தோஷம். "இது தெக்கத்தி வாத்து. வெயில் ஊர்ல இருக்கறது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வடக்க ஏறி வருது. முன்னாடி தெக்க இருக்கற தீவுல மட்டும் இருந்துச்சு. இப்ப கடலத் தாண்டிருச்சு."

"குளிர் வந்தா போயிருமா?"

"குளிர் எங்க வருது இப்பல்லாம்? இது வந்துட்டுப் போற பறவையில்ல தம்பி. குடிவர்ற பறவை. மரப்பொந்துல முட்ட வைக்கும். பகல் முழுக்க கிளையில தூங்கும், ராத்திரி பூரா நெல் பொறுக்கும்."

"மரத்துல மட்டுந்தான் உக்காருமா?"

"எங்க வேணா உக்காரும். நான் தீவுல பாத்தேனே, நெல் கொட்டகை ஒண்ணு, உள்ள விட்டத்துல வரிசையா உக்காந்திருந்துச்சுங்க. படிக்கட்டுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க உக்காந்த மாதிரி. கீழ நெல் கெடந்துச்சு, சாப்பிட்டுட்டு மேல போய்..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் உமிக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "காய்ச்சல் இருக்குமா அதுக்கு?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். அப்போதுதான் யாரிடம் பேசுகிறோம் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வாத்துதானே தம்பி அதுவும்."

நான் உமிக் கொட்டகைக்கு நடந்தேன். ஓடவில்லை. பண்ணையில் யாராவது ஓடினால் அத்தானுக்குத் தெரிந்துவிடும்.

உள்ளே உமி மலை போலக் குவிந்திருந்தது. தினமும் அதில்தான் அள்ளுகிறோம். வாத்து ஈரத்தில் கிடந்தால் புண்ணாகும், அதனால் நாள் தவறாமல் மூன்று கொட்டகைக்கும் புது உமி தூவ வேண்டும். நான் அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கொட்டகையில் அதற்கு முன் அண்ணாந்து பார்த்த ஞாபகம் இல்லை. இரும்பு விட்டம் நெடுக வெள்ளை. ஆனால் எங்கள் பண்ணையில் எதுதான் வெள்ளையாக இல்லை? கதவு, வாளி, வண்டிச் சக்கரம், அக்காவின் தலைமுடி வரைக்கும் சுண்ணாம்பு படிந்திருக்கும். குவியல் மேல் ஏறினேன். உச்சியில் குழிகுழியாக உமி அமுங்கியிருந்தது. குழிகளைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக எச்சம், சில இடங்களில் இன்னும் காயாமல். ஒரு செம்பழுப்பு இறகு. அதற்குப் பக்கத்தில் என்னுடைய மண்வாரியின் தடம், முந்தின நாள் நான் அள்ளிய இடம்.

உமி தூவும் வண்டியின் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. மூன்றாவது கொட்டகை. லாரி வருகிறதே, வாத்துகள் சுத்தமாக இருக்கட்டும் என்று அத்தான் காலையிலேயே தூவ ஆரம்பித்துவிட்டார்.

இப்போது ஓடினேன்.

வாசலில் பூட்ஸ் மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். வாத்துகள் வெள்ளை வெள்ளையாக விலகி வழிவிட்டன. அத்தான் வண்டியில் உட்கார்ந்து, பின்னால் திரும்பி, உமி சீராக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். ரேடியோவில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவரும் கூடவே வாயசைத்தார். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

அவர் எஞ்சினை நிறுத்தினார். "என்ன?"

எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தேன்.  "அந்த வாத்து உமிக் கொட்டகையில இருந்திருக்கு அத்தான். விட்டத்துல. ராத்திரி வந்து குவியல்ல மேஞ்சிருக்கு. எச்சம் கெடக்கு."

"எத்தன நாளா?"

"சத்தம் கேட்டு ஒரு வாரம் இருக்கும். காத்துன்னு நெனச்சேன்."

அவர் வண்டியின் பின்பக்கத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பாதி காலியாகியிருந்தது. பிறகு மெதுவாக இறங்கி, கையுறையைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் பயம். கத்தினால், வண்டியை உதைத்தால், என்னை அடித்தால் பரவாயில்லை. இரண்டாவது தடவையும் அவர் இப்படித்தான் இருந்தார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ரொம்ப ஒழுங்காக.

"மூணு கொட்டகைக்கும் போயிருக்கு" என்றார்.

"ஒண்ணும் ஆகலையே அத்தான். எல்லாம் நல்லாத்தானே கத்துதுங்க."

"சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் நல்லாத்தான் கத்தும். செல்லக் குடு."

அக்கா அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். ஹா அம்மாள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி, முதலில் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்க. சோதனை முடிஞ்சுருச்சு. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு லாரி வருது. உமியை அள்ளிக் கொட்டிட்டு, முகட்ட அடைச்சிட்டு, பேசாம இருந்தா முடிஞ்சது."

"சோதனைக்கு எடுத்தது அன்னைக்கு இருந்த எச்சில். அதுக்கப்புறம் தின்னது?"

"ஏதாவது செத்துச்சா? ஒண்ணாவது நோய் கண்ட மாதிரி கழுத்தத் திருப்பிச்சா? மரத்துல வாத்து உக்காந்துச்சுன்னு போன் பண்ணி நம்ம தலையில நாமே மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் கூ வாத்து வச்சிருக்கான்."

"கூவா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "கூவுக்காகவா? அவன் நமக்குப் பண்ணினதுக்கு..."

"அதனாலதான்" என்றார் அத்தான். "நான் கூ ஆக மாட்டேன் மி-சுக்."

மாவட்ட அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார். பெயர், ஊர், என்ன பார்த்தோம் என்று தெளிவாகச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ இரண்டு முறை கேட்டார்கள் போல, "ஆமா, விட்டத்துல. வாத்துதான். ஆமா, வாத்து" என்றார். பேசி முடித்ததும் என்னிடம் திரும்பினார்.

"அவங்க வர்ற வரைக்கும் உள்ள இருக்கறவன் உள்ளேயேதான் இருக்கணும். நான் இருக்கேன். நீ கால் கழுவிட்டு வெளிய நில்லு. கதவை வெளிய தாழ் போட்டுரு."

"நானும் இருக்கேனே."

"எதுக்கு?"

நான் குனிந்து பூட்ஸைக் கழற்றப் போனேன்.

"மாப்ள, அந்த நைலான் கயிறு எங்க?" என்று அவர் கேட்டார். "நீளமா ஒண்ணு இருந்துச்சே. கொண்டாந்து குடுத்துட்டுப் போ."

"அது இல்ல அத்தான்" என்றேன்.

"நேத்து பாத்தேனே, பம்ப் பக்கத்துல."

"அறுந்துருச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

கயிறு பம்ப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வாத்துகள் தண்ணீர்த் தொட்டியில் அலகை ஆட்டிக்கொண்டிருந்தன.

"முகட்டுல வலை கட்டணும்" என்றார். "இருட்டறதுக்குள்ள கட்டலன்னா ராத்திரி மறுபடி வரும். அதுக்குத்தான் கேட்டேன்." பிறகு, "நீயே கட்டு. கயிறு உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் கயிறு என்னிடம் இருப்பதுதான் நல்லது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் ஏணி போட்டு முகட்டை வலையால் மூடி முடிப்பதற்குள் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். சின்னப் பையன்கள், முகமூடிக்குள்ளிருந்து பணிவாகப் பேசினார்கள். விட்டத்தைச் சுரண்டினார்கள், உமியை உறைகளில் போட்டுக்கொண்டார்கள், மூன்று கொட்டகையிலும் வாத்துகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார்கள். வாசலில் மஞ்சள் நாடா கட்டினார்கள். முடிவு வரும்வரை எதுவும் உள்ளே வராது, வெளியே போகாது. லாரியை வரவேண்டாம் என்று அக்காதான் போனில் சொன்னாள். பஞ்சாயத்து ஒலிபெருக்கியில் ஊர்த் தலைவர், ஏரிப்பக்கம் யாரும் போகவேண்டாம், வாத்து பார்க்க வந்தவர்கள் காரை எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்று அறிவித்தார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கரையில் கார்கள் நின்றிருந்தன. நீளக் கேமராக்களோடு ஆட்கள், எல்லோரும் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு, சந்தோஷமாக.

"நீங்க வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், குளிச்சுட்டு" என்று வெள்ளை உடுப்பில் ஒருவன் அத்தானிடம் சொன்னான்.

"இங்கயே இருக்கேன்" என்றார் அவர்.

நானும் உள்ளே போனேன். இந்த முறை அவர் எதுக்கு என்று கேட்கவில்லை. இருவரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்தோம். வாத்து வளர்க்கிறவன் நோயைக் காதால்தான் முதலில் பிடிப்பான். சத்தம் குறைந்தால் தீவனம் குறையும், தீவனம் குறைந்தால் மறுநாள் பிணம். அவர் ரேடியோவை அணைத்துவிட்டார். வாத்துகள் கத்திக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் கொஞ்சம் இறங்கும்போதும் எங்கள் இரண்டு பேர் மூச்சும் நிற்கும். பிறகு எங்காவது ஒன்று ஆரம்பிக்கும். சத்தம் மறுபடி ஏறியபோது அவர் ஒரு தடவைகூட நிம்மதியாகத் தலையை ஆட்டவில்லை.

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிருமிநாசினி டப்பாக்கள் வாசல் பக்கம் இருந்தன. நான் அதற்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அதை அவர் கவனித்திருப்பார்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. அக்காவுக்குத்தான் வந்தது. அவள் சுண்ணாம்புக் கோட்டருகே வந்து, நின்றபடி சொல்ல முடியாமல், கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். விட்டத்தில் கிருமி இல்லை. உமியில் இல்லை. வாத்துகளிடம் இல்லை. லாரி இன்னொரு நாள் வரும்.

"அவர வரச் சொல்லு" என்றாள். "சோறு வச்சிருக்கேன். பன்னிக்கறி வாங்கி வரச் சொல்றேன். வரச் சொல்லு."

நான் திரும்பி உள்ளே போய் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.  அவருடைய முகம் ஒழுங்காகவே இருந்தது.

"இந்தத் தடவ இல்ல" என்றார்.

"ஆமா அத்தான். ஒண்ணும் இல்ல. எந்திரிங்க. அக்கா அங்க ஒக்காந்திருக்கா."

அவர் எழுந்திருக்கவில்லை. வாளியைக் கொஞ்சம் நகர்த்தி, கூரை முழுக்கத் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தார். மூன்றாவது கொட்டகையின் கூரையிலும் காற்றுக்காக விட்ட பிளவுகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிக்குப் போனதும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"வலை கட்டியாச்சு அத்தான்."

"உமிக்குக் கட்டினோம்."

"இதுக்கும் கட்டுவோம். நாளைக்கே கட்டுவோம். இப்ப சாப்பிட வாங்க."

"நீ போய்ச் சாப்பிடு. யாராவது ஒருத்தர் மேல பாக்கணும்ல."

அக்கா வெளியே இருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்டது, கேட்டதற்கு அடையாளமாகக் கையைத் தூக்கினார். கண் கூரையை விட்டு இறங்கவில்லை.

நான் பூட்ஸைக் கழற்றி, கழுவி, வெளியே வந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே சீழ்க்கை கேட்டது. அவை கரைப்பக்கத்திலிருந்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தன. எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். முந்தின நாள் பார்த்ததைவிட அதிகம்.

"வர்றாரா?" என்றாள் அக்கா.

"சாப்பாட்ட இங்க குடு. நான் உள்ள கொண்டு போறேன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஏப்ரனில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது ஒரு தட்டு இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய் இரண்டாவதையும் எடுத்து வந்தாள்.